பள்ளி மணி அடித்த பிறகு: மாலைநேர அறிவியல் மன்றங்கள் – ஒரு விமர்சன நோக்கு

தமிழ்ச் சங்க மலர்களில் பழந்தமிழ் இலக்கணம், சமணக் காப்பியம், கல்வெட்டு என்று எழுதிவந்த பாத்திரக்கடைக்காரன் ஒருவன், பள்ளிக்கூட அறிவியல் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் படித்தது வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பழைய பதினொன்றாம் வகுப்பு வரைதான். 1979-ல் மும்பை வந்தேன். தராசும் படியும்தான் எனக்குத் தெரிந்த ஆய்வுக்கருவிகள். ஆனாலும் இதை எழுத எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அந்தக் கடன் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பள்ளியின் பெயர் வேண்டாம். நன்கொடை கொடுத்தவன் என்ற முறையில் என்னையும் நடுவர்களில் ஒருவனாக உட்கார வைத்தார்கள். வரிசையாக எரிமலைகள். சோடா உப்பும் வினிகரும் ஊற்றினால் பொங்கும், தெரியுமல்லவா? ஒரு எரிமலைக்குப் பெயின்ட் அடித்திருந்த அழகைப் பார்த்தாலே தெரிந்தது, அது அப்பாவின் கைவேலை என்று. “ஏம்மா பொங்குது?” என்று கேட்டேன். அந்தப் பெண்குழந்தை மனப்பாடம் செய்த ஆங்கில வாசகத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தது. மறுபடி கேட்டதற்கு மறுபடியும் அதே வாசகம்.

கடைசி மேசையில் தாராவிப் பையன் ஒருவன் ஒரு வாளித் தண்ணீரும் உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளும் வைத்துக்கொண்டு நின்றான்.

“மாமா, இந்த மூடி மெதக்கும், இந்தப் பாட்டில் துண்டு முங்கும். ரெண்டும் ஒரே பாட்டிலோடதுதான். இந்த வெள்ளத் துண்டு இருக்கே, இது சும்மா தண்ணியில முங்கும், நெறைய உப்பு போட்டா மேல வந்துரும்” என்றான். தமிழும் இந்தியும் கலந்த பேச்சு. அட்டையில் தலைப்பு எழுதவில்லை, வண்ணத்தாள் ஒட்டவில்லை. மற்ற நடுவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். பரிசு எரிமலைக்குப் போயிற்று. மதிப்பெண் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போது பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் இடத்தில் வேலை. அந்தக் கையெழுத்துக்கு நான் செலுத்தும் வட்டியாகவே இக்கட்டுரையை வாசகர்கள் கொள்ள வேண்டுகிறேன்.

நன்னூலார் போட்ட கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளின்படி பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்வி பற்றி ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால்பங்கு. கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப்பங்கும் நிறையும். சமண முனிவர் ஒருவர் கல்விக்கு ஐந்தொகை எழுதிய மாதிரி இருக்கிறது. வியாபாரியான எனக்கு இது உடனே புரிந்துவிட்டது.

இந்தக் கணக்கை நம் பள்ளிகளுக்குப் பொருத்திப் பாருங்கள். வகுப்பறை தருவது ஆசிரியரின் கால்பங்கு. பள்ளி விட்டதும் டியூஷன். அங்கே கிடைப்பதும் அதே கால்பங்கு, இரண்டாம் தடவையாக. மீதி முக்கால் பங்குக்கு இடம் எங்கே? அந்த முக்கால் பங்குக்கான இடம்தான் மாலைநேர அறிவியல் மன்றம் என்பது என் துணிபு. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இதுவரை நடந்த முயற்சிகளை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே சாலையில் இரண்டு கட்டிடங்கள்

சயான் சுனாபட்டியிலிருந்து செம்பூர் வழியாக மான்கூர்டு நோக்கிப் போகும் வி.என். புரவ் மார்க்கில் நம்மில் பலர் தினமும் போய்வருகிறோம். அந்தச் சாலையில் சுனாபட்டியில் மராத்தி விஞ்ஞான் பரிஷத் இருக்கிறது. அறிவியலை மராத்தியில் மக்களிடம் கொண்டுபோக 1966-ல் தொடங்கிய அமைப்பு. அதே சாலையின் மான்கூர்டு பக்கத்தில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கமாக 1974-ல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு ஒலிம்பியாட் போட்டிகளுக்கு இந்திய மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் மையம் என்றுதான் நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு அதைத் தெரியும்.

அந்த மையத்தின் வேறொரு பக்கத்தை நாம் கவனிக்கவில்லை. அதன் முதல் இயக்குநர் வி.ஜி. குல்கர்னியும் அவருடைய சகா அகர்கரும் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவர்களிடையே ஒரு பணி செய்தார்கள். திறமையுள்ள பிள்ளைகளைத் தேர்ந்து, வழக்கமான வகுப்புக்கு வெளியே தொடர்ந்து சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் பயிலத் துணைநின்றார்கள். அதன் அறிக்கை 1985-ல் வெளிவந்தது. ‘இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்லப்பட்டவர்கள், சரியான துணை கிடைத்தபோது நன்றாகவே படித்தார்கள். குல்கர்னி திரும்பத் திரும்ப வலியுறுத்திய ஒன்று, மொழி. பாடநூலின் மொழியே பிள்ளைக்கும் அறிவியலுக்கும் நடுவே சுவராக நிற்கிறது. அந்த மொழியை எளிமையாக்கினாலே பாதிச் சுவர் விழுந்துவிடும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? தாராவிப் பிள்ளை வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசும். தெருவில் இந்தி. பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ. மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ்வழி இருந்தும், ஆங்கிலவழி மோகத்தில் அந்த வகுப்புகள் தேய்ந்துவருவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். மூன்று நான்கு மொழிகளுக்கு நடுவில் நிற்கும் பிள்ளைக்கு, யோசிக்கும் மொழி எது, பதில் எழுதும் மொழி எது என்ற குழப்பம். அன்று வாளியோடு நின்ற பையன் தோற்றது அறிவியலில் இல்லை, மொழியில். அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கும் சபை அங்கே இல்லை.

கனவும் கதவடைப்பும்

மத்தியப் பிரதேசத்தில் ஓஷங்காபாத் மாவட்டத்தில் (இன்று நர்மதாபுரம்) 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் முன்னின்றன. பிள்ளைகள் பாடத்தைப் படித்து ஒப்பிக்காமல், தாங்களே சோதனை செய்து, தாங்களே பதிலைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். ‘பால் வைக்ஞானிக்’ என்று தனிப் பாடநூலே வந்தது. மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் விஞ்ஞானிகள் போய் ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1978-ல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-ல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவாகி இதை வளர்த்தது.

முப்பது ஆண்டு நடந்த இந்தத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. எவ்வளவு நல்ல மரமானாலும், ஒரே ஆணையின் மேல் நின்றால் ஒரே ஆணையில் விழும். நாம் கற்க வேண்டிய பாடம் இது. மன்றம் பள்ளியின் அனுமதியோடு நடக்கட்டும், ஆனால் அதன் உயிர் தெருவில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 1980-ல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அப்படித் தெருவிலிருந்து வளர்ந்த ஒன்று. 1987 முதல் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழ். அதை ஒட்டி ஊர்தோறும் துளிர் இல்லங்கள். 1993-ல் தேசிய அளவில் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே ஆய்ந்து கட்டுரை படிக்கிறார்கள். நன்னூலாரின் அரைப்பங்கு இதுதானே! பின்னர் 2022 நவம்பரில் தமிழக அரசு ‘வானவில் மன்றம்’ தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குத் தன்னார்வலர்கள் கருவிகளோடு நேரில் போய்ச் சோதனை செய்து காட்டும் திட்டம்.

வரவேற்கிறேன். ஆனாலும் இரண்டு கேள்விகள். ஒன்று, வருபவர் செய்து காட்டிவிட்டுப் போனால், பிள்ளை கைதட்டும் பார்வையாளராகத்தான் இருக்கும். அடுத்த வருகைவரை பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? இரண்டு, ஏன் ஆறாம் வகுப்பில் தொடங்க வேண்டும்? ‘ஏன்’ என்று ஓயாமல் கேட்கும் வயது ஐந்தும் ஆறும். ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் நாம் அந்த வாயை அடைத்துவிடுகிறோம்.

நிதி ஆயோக் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான். ஒரு பள்ளிக்கு இருபது லட்சம் வரை மானியம், முப்பரிமாண அச்சு இயந்திரம், எலெக்ட்ரானிக்ஸ் கருவிகள். நாடு முழுவதும் பத்தாயிரம் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. நன்றாக நடத்தும் பள்ளிகள் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் விலையுயர்ந்த பொருளுக்குப் பூட்டும் விலையுயர்ந்ததாக இருக்கும். கடைக்காரனுக்குத் தெரியும், கண்ணாடி அலமாரியில் வைத்த பாத்திரம் சமைக்காது. ‘உடைந்தால் யார் பொறுப்பு’ என்ற பயம் ஆசிரியருக்கு இருக்கும்வரை, கருவி பிள்ளையின் கைக்குப் போகாது.

ஆயிஷாவின் தனிமை

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ என்ற குறுநாவலை நம்மில் பலர் படித்திருப்போம். கேள்வி கேட்கும் ஒரு பள்ளி மாணவி, அடிவாங்கும் வலி தெரியாமலிருக்க ஒரு மருந்தைத் தேடித் தன் உடம்பிலேயே சோதித்து உயிரை விடுகிறாள். படித்து அழாதவர் குறைவு. கேள்வியை அடித்து நசுக்கும் ஆசிரியர்கள் மீதான குற்றப்பத்திரிகையாகவே இதை எல்லாரும் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பு சரிதான்.

நான் மூன்றாம் தடவை படித்தபோது வேறொன்று தென்பட்டது. ஆயிஷாவுக்கு அறிவு இருந்தது, துணிவு இருந்தது, அன்பு காட்டும் ஓர் ஆசிரியை கூட இருந்தார். இல்லாதது, கூட்டு. “ஏய், இதை நீயே போட்டுக்காதேடி” என்று சொல்ல நாலு தோழிகள் உட்காரும் ஒரு மேசை இல்லை. அறிவார்வம் தனியாக இருந்தால் ஆபத்து. கூட்டத்தில் இருந்தால்தான் அது அறிவியல். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதிப்பதுதானே அதன் அடிப்படை! நாவலாசிரியர் ஆசிரியைக்குக் குற்ற உணர்வைக் கொடுத்த அளவுக்கு, இந்தத் தனிமையின் மேல் வெளிச்சம் போடவில்லை என்பது என் விமர்சனம். நம் சங்கங்களும் கதையைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகின்றன.

தாராவியே ஆய்வுக்கூடம்

கருவிக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன், தாராவியில் இல்லாத கருவியா?

வாளிப் பையனையே எடுத்துக்கொள்வோம். பாலிதீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை, மிதக்கும். தண்ணீர்ப் பாட்டிலின் பெட், குழாயின் பி.வி.சி. இரண்டும் மூழ்கும். பாலிஸ்டைரீன் சாதாரணத் தண்ணீரில் மெல்ல மூழ்கும், உப்பை நிறையக் கரைத்தால் மேலே வரும். அடர்த்தி என்ற பாடம் முழுவதும் ஒரு வாளிக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக் பிரிக்கும் தொழிலாளர்கள் தட்டிப் பார்த்தும், எரித்து மோந்தும் இனம் காண்கிறார்கள். அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். பிள்ளைகள் தண்ணீர்ச் சோதனையைக் கற்றுக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னால், ஒரு அப்பாவின் மூச்சு மிஞ்சும். இதைவிடப் பெரிய பரிசு எந்தக் கண்காட்சியில் உண்டு?

விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்பும் நம் தாய்மார்களின் மாவுப்பானை இன்னொரு ஆய்வுக்கூடம். மாவை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, ஸ்கேல் வைத்து மணிக்கொருதரம் உயரத்தைக் குறிக்கலாம். மே மாதத்தில் எவ்வளவு, ஜனவரியில் எவ்வளவு? உளுந்து குறைத்தால் என்ன ஆகிறது? நுண்ணுயிர், வெப்பநிலை, வாயு, வரைபடம், நாலு பாடமும் அதில் வந்துவிடும்.

என் கடையிலேயே நடந்த ஒன்று. பித்தளைக் குண்டானுக்கு ஈயம் பூசக் கொண்டுவந்த ஒரு அம்மாவோடு ஏழெட்டு வயதுப் பையன். பாத்திரத்தைக் காய்ச்சி நவச்சாரம் தூவியதும் வெள்ளைப்புகை எழுந்தது. “இந்தப் புகை எங்கேருந்து வருது? எங்க போகுது?” என்று விடாமல் கேட்டான். “அண்ணாச்சி, இவன் இப்படித்தான் கேள்வி கேட்டே உசுர வாங்குதான்” என்று அந்த அம்மா வெட்கப்பட்டார். நாற்பது வருடமாக அந்தப் புகையைப் பார்க்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை! பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நவச்சாரம் சூட்டில் இரண்டு வாயுக்களாகப் பிரிந்து, ஆறியதும் மறுபடி சேர்ந்து வெண்துகளாகிறது. உலோகத்தின் மேலிருக்கும் மாசுப்படலத்தை அது நீக்குவதால்தான் ஈயம் ஒட்டுகிறது. புளி பட்டால் களிம்பு பிடிக்காமல் காப்பது அந்த ஈயம்தான். அந்தப் பையன் மறுபடி வந்தால் சொல்லக் காத்திருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மவர் சிலர் எதை எடுத்தாலும் ‘எல்லாம் நம் பழம்நூலில் இருக்கிறது’ என்பார்கள். தொல்காப்பிய மரபியலின் உயிர்ப் பாகுபாட்டில் எறும்பு மூவறிவு உயிர், அதாவது அதற்குப் பார்வை இல்லை. சமண நூல்களிலும் இதையொத்த பாகுபாடு உண்டு. உயிர்களைப் புலன்வழி வகைப்படுத்திய அந்தச் சிந்தனை போற்றத் தக்கது. ஆனால் பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு என்பது உண்மை. பிள்ளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து “கண்ணு இருக்கே தாத்தா” என்று சொன்னால், நூலை மூடிவிட்டு “ஆமாம்” என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். பார்த்த பிறகு எறும்பை அது இருந்த இடத்திலேயே விட்டுவிடவும் வேண்டும். பூச்சியை ஊசியில் குத்தி ஒட்டுவது அறிவியல் என்று நான் ஒப்பமாட்டேன். கல்லூரி விலங்கியலிலேயே உயிரினங்களை அறுக்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் விலக்கச் சொல்லிவிட்டது.

எப்படி நடத்துவது?

தாராவி, மாதுங்கா, செம்பூர் மூன்றிலும் ஒவ்வொரு மன்றம் தொடங்கலாம். வியாபாரியாக, நடைமுறைக்கு ஒத்த சில யோசனைகள்.

முதலில் நேரம். ‘மாலை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பல பள்ளிகள் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்ட். சாலில் தண்ணீர் வரும் நேரம் தெருவுக்குத் தெரு வேறு. தண்ணீர் பிடிக்க வேண்டியவள் பெண்பிள்ளை. குழாய் நேரத்தைக் கேட்டு மன்ற நேரத்தை வைக்காவிட்டால், அது ஆண்பிள்ளைகளின் மன்றமாகவே முடியும்.

இரண்டாவது, தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைக்கும் தனித்தனி மேசை, ஆனால் ஒரே கூடம். அக்காவுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கும். தம்பியும் வரட்டும். சின்னவர்களுக்கு மூன்று வேலை போதும்: பார்ப்பது, பிரிப்பது, அளப்பது. பெரியவர்கள் ஊகித்து, சோதித்து, எழுதட்டும். பிறகு எட்டாம் வகுப்புப் பெண் மூன்றாம் வகுப்புத் தம்பிக்கு விளக்கட்டும். நன்னூலாரின் அரைப்பங்கு அங்கேதான் வரவாகும்.

மூன்றாவது, மொழி. யோசிப்பது தமிழில். கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் மராத்தியிலும் பக்கத்தில் எழுதிவைப்போம். தேர்வுக்கு அதுவும் வேண்டுமல்லவா?

நான்காவது, பரிசு வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேள்வி நோட்டு. பதில் கிடைக்காத கேள்விக்கும் அதில் இடம் உண்டு. மாதம் ஒருநாள் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் பேசட்டும்.

செலவு? வாளி, தராசு, வெப்பமானி, லென்ஸ், காந்தம், உப்பு. நம் ஆண்டு விழாக்களில் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொள்ளும் பொன்னாடைச் செலவை ஓராண்டு நிறுத்தினால், முதலாண்டு ஓடிவிடும். ஆட்கள்? அணுசக்தி நகரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் செம்பூரில் எத்தனை பேர்! அவர்களைப் பட்டிமன்றத்துக்குத் தலைமை தாங்க அழைத்திருக்கிறோம், பிள்ளைகளோடு தரையில் உட்கார அழைத்ததில்லை.

முடிவாக

1968 டிசம்பரில் அகமதாபாத்தில், விக்ரம் சாராபாய் உருவாக்கிய சமூக அறிவியல் மையத்தின் அடிக்கல் நாட்டு விழா. வந்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. இராமன். அப்போது அவருக்கு வயது எண்பது. நோபல் பரிசு பெற்றவர் அங்கே பிள்ளைகளுக்கு எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று. எந்தக் குழந்தையும் கேட்கும் கேள்வி அது. சமண வணிகக் குடும்பத்தில் பிறந்த ஒரு குஜராத்தி விஞ்ஞானி இடம் அமைத்தார், ஒரு தமிழர் வந்து கல் நாட்டினார். மொழியும் மாநிலமும் குறுக்கே நிற்கவில்லை.

மராத்தியருக்கு ஒரு பரிஷத் இருக்கிறது, குஜராத்தியருக்கு ஒரு மையம் இருக்கிறது என்று பொறாமைப்பட இதை எழுதவில்லை. வி.என். புரவ் மார்க்கில் இரண்டு கதவுகளும் திறந்தே இருக்கின்றன. நாம் போய்த் தட்டி, “எங்க பிள்ளைகளுக்கு வழி சொல்லுங்க” என்று கேட்டதில்லை. அந்தக் குறை நம்முடையது.

சயானில் என் கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. பழைய அண்டாக்களை ஒதுக்கினால் இருபது பிள்ளைகள் உட்காரலாம். முதல் மேசையை அங்கே போடச் சம்மதிக்கிறேன். பிளாஸ்டிக் பிரிக்கும் அந்த இளைஞனைத் தேடிப்பிடித்து, முதல் வகுப்பை அவனையே எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. வாளியை நான் கொண்டுவருகிறேன். மீதியைச் சங்கத்து அன்பர்கள் கொண்டுவர வேண்டும்.